பொட்டலுக்கு ஒட்டகம் வந்த வாரம்

ஒச்சாயியின் அப்பன் விருமாண்டி ஒன்றும் ஏமாந்த சோணகிரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கொழுஞ்சிப்பட்டிக்காரர்களோடு சேர்ந்துகொண்டு நீங்களும் அந்த மனுஷனைக் கேலி பண்ணுவீர்கள். உசிலம்பட்டிப் பக்கம் மாட்டுத்தரகு பார்த்தவர் அவர். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு கன்றுக்குட்டியைக்கூடக் கயிறு மாற்றிக் கையில் வாங்க மாட்டார். அப்பேர்ப்பட்டவர்தான், மகளைக் கட்டிக்கொடுக்கிற ஊரிலேயே அவளுக்குச் சீராக ஒரு நிலம் இருக்கட்டும் என்று, ஒரு கார்த்திகை மாதம் வாடிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொழுஞ்சிப்பட்டிக்கு நடந்தார். ஏழு ஏக்கர். முழங்கால் உயரத்துக்குப் புல். ஊடே மஞ்சள் மஞ்சளாய் நெருஞ்சிப்பூ, ஓரமெல்லாம் தும்பை. கால் வைத்த இடத்தில் ஈரம். ரெண்டு ஜோடி உழவுமாட்டைக் கொடுத்து நிலத்தை மாற்றிக்கொண்டு, மீசையைத் தடவிக்கொண்டே ஊர் திரும்பினார்.

கல்யாணம் வைகாசியில். மறுநாள் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் சொந்தபந்தங்களும் சீர் நிலத்தைப் பார்க்கக் கிளம்பிப் போனார்கள். புல்லைக் காணோம், பூவைக் காணோம். ஓடை அடித்துக்கொண்டு வந்து போட்ட மணல் மேடு மேடாய்க் கிடந்தது. நாலு வெள்வேல மரம், பத்துப் பன்னிரண்டு ஆவாரஞ்செடி, வேலியோரம் சப்பாத்திக்கள்ளி. சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. மாப்பிள்ளை தவசி குனிந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டினான். அவனுடைய அக்கா பாண்டியம்மாள்தான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

"பெரிய சீருதான் சம்பந்தகாரரே. இதுல வெள்ளாமை பண்ண முடியாது, பப்படம் பொரிக்கலாம்."

கூட்டம் சிரித்த சிரிப்பு விருமாண்டியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது. 'நான் பாத்தப்ப இப்பிடி இல்ல' என்று ரெண்டு தரம் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? துண்டை உதறித் தோளில் போட்டவர், அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் கொழுஞ்சிப்பட்டி எல்லையை மிதிக்கவில்லை. மகளைப் பார்க்க வேண்டுமென்றால் வாடிப்பட்டிச் சந்தைக்கு வரச் சொல்லி, அங்கேயே பலகாரம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார். பேரன் பேத்தி காதுகுத்துக்குக்கூட வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒச்சாயிக்கு அந்த நிலத்தின் சூட்சுமம் முதல் வருஷமே பிடிபட்டுவிட்டது. ஐப்பசி கடைசியில் மழை இறங்கியது. இருபதாம் நாள் பொட்டலுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்பன் சொன்ன புல், அப்பன் சொன்ன பூ, ஒன்று குறையாமல் நின்றது. விதையெல்லாம் மணலுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டலாம் என்றால், ஊருக்கு அப்போது நாற்று நடுகிற அவசரம். அவர்களுக்கு நேரம் கிடைத்தபோது பொட்டல் பழையபடி மணலாகியிருந்தது. ஒவ்வொரு வருஷமும் இதே கூத்துதான். அப்பனிடம் சந்தையில் சொன்னால், "போதும் தாயி, ஆறுதலுக்குச் சொல்லாத" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. வெள்ளாடு வாங்கி வளர்த்தாள். பொட்டல் எதைத் தருகிறதோ அதை எடுத்துக்கொண்டாள். மரத்தை உலுக்கினால் காய்ந்த வேலங்காய் கொட்டும், அந்த வேலநெத்து ஆட்டுக்குச் சோறு. ஆவாரம்பூவைக் காயவைத்தால் வாடிப்பட்டி நாட்டுமருந்துக் கடைக்குப் போகும். கள்ளிப்பழம், சூரைப்பழம், பிரண்டை என்று ஏதாவது ஒன்று கூடையில் இருக்கும். கௌதாரி எங்கே முட்டை வைத்திருக்கிறது, எந்தப் பொந்தில் உடும்பு இருக்கிறது, எல்லாம் அவளுக்கு அத்துபடி. ஆனாலும் ஊருக்குள் அவள் பேர் 'பொட்டக்காட்டு மகாராணி'. பேர் வைத்தது பாண்டியம்மாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாண்டியம்மாளுக்குக் கண்மாய்க்குக் கீழே மூன்று ஏக்கர் நஞ்சை. அந்தத் திமிர் நடையிலேயே தெரியும்.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. எண்பத்து மூன்றில் ஆவணியும் முடியப் போகிறது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கண்மாய் பாளம் பாளமாய் வெடித்துவிட்டது. பாண்டியம்மாளின் நஞ்சைக் கிணற்றில் வாளியை விட்டால் கல்லில் மோதுகிற சத்தம்தான் வந்தது. வைக்கோல் தீர்ந்தபின் ஊர் ஆடுமாடெல்லாம் எங்கே போகும்? நெத்துத் தின்ன ஒச்சாயியின் பொட்டலுக்குத்தான் போயின. மகாராணி ஒருத்தரையும் வேண்டாமென்று சொல்லவில்லை, பாண்டியம்மாளின் மாட்டைக்கூட.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கிய ஆளின் பேர் சந்தானம். சினிமாக் கம்பெனி மேனேஜர், முப்பது வயது இருக்கும், மதுரைச் சிம்மக்கல்லுக்காரன், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். பொட்டலைப் பார்த்தவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தான்.

"அக்கா, இது யாரு நிலம்?"

ஆட்டுக்கு நெத்து உலுக்கிக்கொண்டிருந்த ஒச்சாயி, "ஏன், நாங்க என்ன தப்புப் பண்ணிட்டோம்?" என்றாள்.

"தப்பா? இந்த ஜில்லாவுலயே இதுமாதிரி ஒரு எடம் கெடையாதுக்கா. ஒரு மாசமா அலையிறேன். எங்க படத்துக்குப் பாலைவனம் வேணும். ராஜஸ்தான் வரைக்கும் போறதுக்கு எங்க முதலாளிக்குத் தெம்பில்ல. எங்க முன்னோருங்க குஜராத்துப் பக்கமிருந்து வந்தவங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு, 'உனக்குத்தான்யா பாலைவனம் நல்லாத் தெரியும், நீயே தேடு'ன்னு டைரக்டர் என் தலையில கட்டிட்டாரு. நான் பொறந்ததுலருந்து திண்டுக்கல்லத் தாண்டுனது கெடையாது."

ஒச்சாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாலைவனம்னா என்ன தம்பி?"

"மழையே பெய்யாத பூமி."

"அப்ப தப்பான எடத்துக்கு வந்துட்டீக. இது பெய்யிற பூமி. எப்பன்னுதான் தெரியாது."

சந்தானத்தின் முகம் சுருங்கியது. "வர்ற வெள்ளி, சனி ரெண்டு நாளுதான் ஷூட்டிங். அதுக்குள்ள பெய்யாதில்ல?"

அவள் கையை நெற்றிக்கு மேல் வைத்து வானத்தைப் பார்த்தாள். ரெண்டு வருஷமாய் எல்லோரும் பார்த்த அதே வானம். "பெய்யாது தம்பி" என்றாள். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சம்சாரி வீட்டுப் பொம்பளை வாயிலிருந்து வருகிற சொல்லா அது? ஆனால் உள்ளே ஒரு மூலையில் மத்தாப்புக் கொளுத்திவிட்டது மாதிரி இருந்தது. இருபத்தைந்து வருஷமாய் ஊர் கேலி பேசிய நிலத்தை ஊரே கொட்டகையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். அப்பன் தலை நிமிர்ந்து கொழுஞ்சிப்பட்டிக்குள் நடந்து வருவார். அவளுக்கு வேண்டியது அதுதான், வேறெதுவும் இல்லை. மற்றதையெல்லாம் தவசியிடம் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

வந்தது பாருங்கள் வினை. ஊர்க் கூட்டத்தில் அந்த வாரப் புதன்கிழமை கொடும்பாவி இழுப்பதென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. மழையைத் தடுத்து வைத்திருக்கிற பாவியை வைக்கோலில் பொம்பளை உருவமாய்க் கட்டி, தெருத்தெருவாய் இழுத்து, செத்துப்போனதாய் மாரடித்து அழுது, எல்லையில் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். பாவி ஒழிந்தால் மேகம் இறங்கும். இதில் முன்வரிசையில் நின்று ஒப்பாரி எடுத்துக் கொடுக்கிறவள் நம் ஒச்சாயிதான். அவள் தொண்டையைத் திறந்தால் கல்லும் மூக்கைச் சிந்தும்.

புதன்கிழமை பூசாரி பேயாண்டி கயிற்றைப் பிடித்து இழுக்க, பொம்பளைகள் தலையை விரித்துப் போட்டுப் பின்னால் போனார்கள். ஒச்சாயி எடுத்துக் கொடுத்தாள்.

"எட்டு மடைக் கண்மாயும் ஏங்கிக் கெடக்குதடி,
கட்டுத்தறி மாடெல்லாம் கண்ணீர் வடிக்குதடி..."

வாய் அப்படி அழுகிறது. நெஞ்சு என்ன சொல்கிறது தெரியுமா? 'தாயி ஒச்சாண்டம்மா, பெய்யி, நல்லாப் பெய்யி. ஆனா சனிக்கெழமை பொழுது சாஞ்ச பெறகு பெய்யி. மூணே நாளு.' ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். வைக்கோல் பாவி முன்னால் புழுதியில் இழுபடுகிறாள், நிஜப் பாவி பின்னால் மாரடித்துக்கொண்டு போகிறாள் என்று அவளுக்கே தோன்றியது. அந்தக் குற்ற உணர்ச்சியில் இன்னும் பலமாய் அடித்துக்கொண்டாள். "ஒச்சாயி மாதிரி யாரு அழுவா?" என்று ஊர் மெச்சியது. அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது விடியுமுன்னே பொட்டலில் திருவிழாக் கூட்டம். மதுரையில் தெருத்தெருவாய்ப் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுகிற ஒட்டகம் ஒன்றை ரெண்டு நாளாய் நடத்தியே கூட்டி வந்திருந்தார்கள். கதாநாயகன் காரை விட்டு இறங்கியபோது பாண்டியம்மாள் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். ஐம்பது வயதில்! டைரக்டர் நாலாபக்கமும் பார்த்தார். வடக்கே திரும்பினால் சிறுமலை தெரிகிறது, அந்தப் பக்கம் கேமரா போகக் கூடாது. நடுவில் நின்ற ஆவாரஞ்செடியைக் காட்டி, "அதைப் பிடுங்கிடுங்க" என்றார்.

ஒச்சாயி குறுக்கே போய் நின்றாள். "அது ரெண்டு வருஷம் தண்ணியில்லாம உசுரக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிது. உங்க ரெண்டு நாளு கூத்துக்கு அதப் புடுங்கச் சொல்றீகளா?" ஒரு சாக்கைக் கொண்டுவந்து செடிமேல் போர்த்தி, மேலே மணலைத் தூவிவிட்டாள். டைரக்டரும் சரி என்றுவிட்டார்.

அடுத்த வம்பு ஒட்டகம். தாகத்தில் தள்ளாடிக்கொண்டு வர வேண்டிய ஒட்டகம், வந்த கையோடு வேலநெத்தின் ருசியைக் கண்டுகொண்டது. ஆடுகளோடு ஆடாக மரத்தடியில் நின்றதே தவிர, ஒட்டகக்காரர் தலைகீழாய் நின்றும் நகரவில்லை. வெயில் ஏறுகிறது, டைரக்டர் கத்துகிறார், சந்தானத்துக்கு வேர்த்து ஊற்றுகிறது. ஒச்சாயி மடி நிறைய நெத்தைக் கட்டிக்கொண்டு, படத்தில் விழாத தூரத்தில் நின்று, "ம்ப்பே... ம்ப்பே..." என்று ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். ஒட்டகம் தலையைத் தூக்கியது. அவள் பின்னாலேயே நடந்து நடந்து போக, அது மணலில் ஆடி ஆடி அவளை நோக்கி வந்தது. கேமரா ஓடியது. கதாநாயகன் கயிற்றைப் பிடித்தபடி ஒரு பிடி மண்ணை அள்ளி, ஏதோ வசனம் பேசினார். தூரத்தில் நின்றவளுக்கு அது காதில் விழவில்லை.

சாயங்காலம் சந்தானம் வந்து சொன்னான்: "முக்கால்வாசி நாளைக்குத்தான் இருக்குக்கா. சண்டை, கூட்டம் எல்லாம். அது எடுத்தாத்தான் இன்னைக்கு எடுத்ததும் செல்லும். இல்லன்னா இம்புட்டையும் தூக்கிப் போட்டுட்டு ஸ்டூடியோவுல செட்டுப் போட்டுருவாங்க." ஒச்சாயி வீட்டுக்கு நடக்கும்போது வழியில் எறும்பு சாரை சாரையாய் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி தாண்டிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு, படத்தில் கூட்டமாய் வர ஊர் ஆம்பளைகள் முண்டாசு கட்டி நிற்க, சிறுமலைப் பக்கம் வானம் கறுத்தது. காற்று நின்றது. பிறகு மண்வாசம். ஒச்சாயியின் கையில் ஒரு சொட்டு விழுந்தது, சுடுமணலில் பத்துச் சொட்டு விழுந்து 'சொய்' என்றது. அப்புறம் எண்ணவெல்லாம் நேரமில்லை, பேயாய் இறங்கிவிட்டது. கேமராவுக்குக் குடை பிடிக்க ஓடினார்கள், டைரக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு ஜீப்புக்குள் உட்கார்ந்தார். ஒட்டகம் மட்டும் வாயை அண்ணாந்து காட்டிக்கொண்டு சுகமாய் நின்றது.

ஒச்சாயி குடைக்குள் போன கேமராவையே ஒரு நொடி பார்த்தாள். 'போச்சே, என் நிலம் படத்துல வராதே.' அவ்வளவுதான், ஒரே நொடி. ரெண்டு வருஷ வெக்கை உடம்பிலிருந்து வழிந்து இறங்கியபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் கனகாம்பரம் பிய்ந்து தொங்க நனைந்துகொண்டிருந்த பாண்டியம்மாளின் கையைப் பிடித்தாள்.

"மதினி, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். கொடும்பாவிக்கு மாரடிச்சப்ப, மூணு நாளு கழிச்சுப் பெய்யின்னு உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டேன். என் நிலம் படத்துல வரணும்னு."

பாண்டியம்மாள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "அடியே, நான் வியாழக்கெழமை கருப்பனுக்கு நெய்விளக்கே போட்டேன். திங்கக்கெழமை வரைக்கும் மழையத் தள்ளி வையி சாமின்னு."

"நீங்க எதுக்கு மதினி?"

"அந்த நடிக்கிற புள்ள மொகத்த ரெண்டு நாளு பக்கத்துல நின்னு பாக்கணும்னுதான். அதச் சொல்லிச் சொல்லிக் காட்டாத."

பின்னால் ஒரு இருமல் சத்தம். கூட்டக் காட்சிக்காகப் பெரிய தலைப்பாகை கட்டியிருந்த பூசாரி பேயாண்டி, அது நனைந்து கண்ணில் இறங்கியதைத் தூக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்: "நான் கயித்த இழுக்கும்போதே வேண்டிக்கிட்டேன் தாயி. படத்துல வேஷம் போடுறதுக்குள்ள மழை வந்துச்சுன்னா, ஆசை எங்க நிறைவேறும்?" அப்புறம் ஒவ்வொருத்தராய் வாயைத் திறந்தார்கள். ஊர் மொத்தமும் வாயால் மழையைக் கூப்பிட்டு, மனசால் மூன்று நாள் தவணை கேட்டிருக்கிறது. மழை ஒருத்தர் பேச்சையும் கேட்கவில்லை. அந்தக் கொட்டுகிற மழையில் கொழுஞ்சிப்பட்டி சிரித்த சிரிப்பைப் பார்த்து, ஜீப்புக்குள்ளிருந்த டைரக்டர் தன்னைத்தான் கேலி பண்ணுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

இருபதாம் நாள், ஒச்சாயி நேரே உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறினாள். அப்பன் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். "அந்த ஊருப் பக்கம் நான் வரல" என்று ஆரம்பித்தார். "சினிமாக்காரன் தேடி வந்த நிலத்த, வாங்குன மனுசன் ஒருக்காப் பாக்கக் கூடாதா? வாங்கப்பா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

பொட்டலுக்கு வந்தார்கள். முழங்கால் உயரப் புல். மஞ்சளாய் நெருஞ்சி, ஓரமெல்லாம் தும்பை. சாக்கை எடுத்துவிட்டிருந்த ஆவாரஞ்செடி உச்சி முதல் அடி வரை பூத்து நின்றது. மழைக்கு மண்ணிலிருந்து வெளிவருகிற பட்டுப்பூச்சி ஒன்று, செக்கச்செவேலென்று, அவர் செருப்புமேல் ஏறி இறங்கிப் போனது. விருமாண்டி குனிந்து மண்ணைக் கிள்ளி எடுத்து, விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நான் பாத்தது இதுதான் தாயி" என்றார். "இதேதான்." மீசையைத் தடவிக்கொண்டார். துண்டால் கண்ணை அழுத்திக்கொண்டார். ஒச்சாயியும் அழுதாள். இருபத்தைந்து வருஷம் சந்தையில் நின்று பலகாரம் வாங்கிய வலி அன்றைக்குத்தான் அவளுக்குத் தீர்ந்தது.

அந்நேரம் பார்த்து, விட்டுப்போன குடைகளை எடுக்கச் சந்தானம் வந்து சேர்ந்தான். வரப்பிலேயே நின்றுவிட்டான். "நான் எடம் மாறி வந்துட்டேனாக்கா?"

"இல்ல, இதுதான். எங்கப்பா பச்சையப் பாத்து ஏமாந்தாரு, நீங்க காஞ்சதப் பாத்து ஏமாந்தீக."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னான்: "காலேஜுல தமிழ் வாத்தியார் சொல்லுவாருக்கா. நம்ம பக்கத்துல பாலைன்னு தனியா ஒரு நிலமே கெடையாதாம். காடும் மலையும் வெயில்ல காஞ்சு தன் கொணம் மாறி நின்னா, அந்த நேரத்துக்கு அதுக்குப் பேரு பாலையாம். எனக்கு அப்பப் புரியல."

"இதப் படிக்கவா காலேஜுக்குப் போனீக?" என்றாள் ஒச்சாயி. விருமாண்டிக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. குடையோடு ஒரு கூடை கள்ளிப்பழமும் சிம்மக்கல்லுக்குப் போயிற்று.

மறுவருஷம் ஆடி மாதம் படம் வாடிப்பட்டி டூரிங் கொட்டகைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை எடுத்ததை வைத்திருக்கிறார்களா, தூக்கிப் போட்டுவிட்டார்களா, ஒருத்தருக்கும் தெரியாது. ஏழு வண்டி கட்டிக்கொண்டு ஊரே போனது. ஒச்சாயி மணலைக் குவித்துத் திண்ணை மாதிரி மேடாக்கி அப்பனை உட்கார வைத்தாள். ஒரு இடைவேளை போனது, ரெண்டு இடைவேளை போனது, ஒன்றும் வரவில்லை. பாண்டியம்மாள் அவள் தொடையில் கையை வைத்தபடியே இருந்தாள்.

திடீரென்று திரை வெள்ளை வெளேரென்று ஆனது. மணல் மேடு. ஒட்டகம் ஆடி ஆடி வருகிறது.

"ம்ப்பே..." என்று கொழுஞ்சிப்பட்டி மொத்தமும் ஒரே குரலில் கூப்பிட்டது. நெத்தை வைத்துக்கொண்டு பின்னால் நடந்தவள் திரைக்கு வெளியே இருக்கிறாள் என்பது அவர்களுக்கல்லவா தெரியும்! கதாநாயகன் ஒரு பிடி மண்ணை அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டார். அன்றைக்குக் காதில் விழாத வசனம் இப்போது விழுந்தது.

"இது சபிக்கப்பட்ட மண். இங்கே இனி ஒரு நாளும் மழை பெய்யாது."

ஒச்சாயி வாயைத் திறக்குமுன் பாண்டியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். "யாரப்பா சொன்னது? மறுநாளே பெஞ்சுச்சு. நாங்க அம்புட்டுப் பேரும் நனைஞ்சோம்." கொட்டகை திரும்பிப் பார்த்தது. அவள் விடவில்லை. "என் தம்பி பொண்டாட்டி சீரு கொண்டாந்த நிலம்யா அது. ரெண்டு வருசம் எங்க ஊரு மாட்டுக்கெல்லாம் அதுதான் சோறு போட்டுச்சு. பாத்துப் பேசச் சொல்லுங்க."

காட்சி வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஓடவில்லை, முடிந்துவிட்டது. ஒச்சாயிக்குக் கண் மறைத்ததில் கடைசிப் பாதியை அவள் பார்க்கவேயில்லை. திரும்ப உட்கார்ந்த மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பன் பக்கம் திரும்பினாள். விருமாண்டி இன்னும் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். பொட்டலைக் காய்ந்த கோலத்தில் அவர் இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் திரும்பப் பார்க்கிறார்.

"நல்லவேளை தாயி" என்றார் அவள் காதோரம். "நான் வாங்க வந்த அன்னைக்கு, நிலம் இந்தக் கோலத்துல இல்ல. இருந்திருந்தா வாங்கியிருக்கவே மாட்டேன்."